ஜலீல் பாயின் சலாம் நடை

எங்கள் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் இப்போது ஒரு பாய் விரித்திருக்கிறார்கள். படுக்கிற பாய் இல்லை. அதன் மேல் நோயாளி நடந்தால், எந்தக் கால் தரையில் அதிக நேரம் இருந்தது, எது இழுத்தது, திரும்பும்போது எங்கே தடுமாறியது என்பதெல்லாம் பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டரில் வண்ணக் கோலமாக வந்து நிற்கும். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு ஒருநாள் அதைப் பார்க்கப் போனேன். அங்கே வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகள் விடுவார்களா? என்னையே அதில் நடக்கவிட்டார்கள். "சார், உங்க நடை கொஞ்சம் பயந்த நடையா இருக்கு சார்" என்றது ஒரு பெண். எத்தனை லட்சம் போட்டு வாங்கினார்களோ தெரியாது. என் மனைவி இதை ஓசியிலேயே சொல்லிவிட்டாள்.

"இந்தப் பாய் இல்லாத காலத்துல எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று அதே பெண் கேட்டது.

"அப்பவும் ஒரு பாய் இருந்தாரும்மா" என்றேன். அதை எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. விரிஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவன். எலும்புகளின் பெயர்களைத் தலையிலிருந்து ஆரம்பித்து பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்வேன். இடுப்புக்கு வருவதற்குள் வேலூர் வந்துவிடும். அதனால் இடுப்புக்குக் கீழே எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு கற்றதுதான். வேலையை விட்டதும் இடுப்பால்தான். "குனியும்போது முட்டிய மடக்குங்க" என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், ஒருநாள் வீட்டில் கேஸ் சிலிண்டரை முட்டி மடக்காமல் தூக்கினேன். முதுகில் ஒரு தட்டு நகர்ந்தது, கூடவே நானும் வேலையிலிருந்து நகர்ந்தேன். மற்றபடி எனக்குப் பெரிய மீசை உண்டு. தைரியசாலி என்று நினைத்து என்னை நம்பி வந்தவர்கள் எல்லாரும் அந்த மீசையை நம்பி வந்தவர்கள்தான்.

எனக்கு மேலே இருந்தவர் குளோரி மேடம். புடவைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். நோயாளியை நடக்கச் சொல்லிவிட்டு ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார், கண் முட்டி உயரத்துக்கு வரும்படி. "மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம் சேகர். குதிகால பாரு" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதற்கு அவசியமும் இல்லை, அவரிடம் "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை இருந்தது. நாம் எல்லாவற்றையும் விளக்கி முடித்து மூச்சு வாங்கும்போது, ஸ்டூலிலிருந்து "அப்புறம்?" என்று வரும். அதற்குப் பிறகுதான் நாம் பார்க்காமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும்.

பார்க்கின்சன் என்றால் எல்லாரும் கை நடுக்கத்தைத்தான் பார்ப்பார்கள். எங்கள் கவலை கால். நடுங்குகிற கையால் யாரும் இடுப்பை உடைத்துக்கொள்வதில்லை. இந்த நோயில் அடி குறுகிக்கொண்டே போகும். திரும்பும் இடத்தில், குறுகிய வாசலில், யாராவது அவசரப்படுத்தினால், பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு முன்னால் போய்விடும், உடம்பும் பாதி போய்விடும், பாதம் மட்டும் வராது. அப்புறம் என்ன, முகம்தான் முதலில் தரைக்கு வரும்.

விழும் ஆபத்து எவ்வளவு என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நோயாளியின் பின்னால் நிற்க வேண்டும். "இப்ப உங்க தோள பின்னாடி இழுப்பேன், ஒரு அடி ரெண்டு அடி வச்சு சமாளிச்சு நில்லுங்க" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெடுக்கென்று இழுக்க வேண்டும். சமாளிக்கவில்லை என்றால் பிடிக்க வேண்டும். இழுக்கிறவனுக்கு முதுகுப் பக்கம் சுவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நோயாளி ஆகிவிடுவார்கள். நான் சுவர் இருக்கிறதா என்று குதிகாலால் தட்டிப் பார்ப்பேன், இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். "கண்ணத் தொறந்து இழு சேகர், உனக்கா ஊசி போடுறாங்க?" என்பார் மேடம்.

ஜலீல் பாய் இந்த நேரத்தில்தான் வந்தார். மேல்விஷாரத்துக்காரர். சொந்தத் தோல் மண்டியில் தாமே செலக்டராக இருந்தவர். வருகிற தோலை மேசையில் விரித்து, கையால் ஒரு தடவு தடவி, ஏ, பி, சி, ரிஜெக்ட் என்று சொல்லிப் பிரித்துப் போடுகிற வேலை. நோய் வந்த பிறகு முகத்தில் அசைவு குறைந்து, குரல் உள்ளே போயிருந்தது. நெற்றியில் தையல், மணிக்கட்டில் கட்டு. இரண்டும் சமீபத்தில் விழுந்ததற்குக் கிடைத்தவை. வியாபாரத்தை இப்போது பார்த்துக்கொள்ளும் மகன் இர்ஃபான் கூட வந்திருந்தார்.

எங்கள் வராந்தாவில் நடக்கவிட்டோம். போனார், திரும்பினார், வந்தார். இடது கால் லேசாக இழுத்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"இங்க ராஜா மாதிரி நடக்குறாரு சார்" என்றார் இர்ஃபான். "எங்க தெருவுல போனா மட்டும் விழறாரு. ஒரே பேஜாரா இருக்கு. நான் வீல்சேருக்கு சொல்லிட்டேன்."

"பக்ரீத் தொழுகைக்கு நடந்துதான் போவேன்" என்றார் பாய், அந்த உள்ளே போன குரலில்.

"போவீங்க அத்தா. வர்றது ஆம்புலன்ஸ்ல வருவீங்க."

"தோல் ஏத்துற வண்டிதான் நம்மகிட்ட இருக்குதே, அதுல வர்றேன்."

பக்ரீதுக்குள் இன்னொரு தடவை விழுந்தால் வீல்சேர், விழாவிட்டால் நடை என்று அப்பாவும் மகனும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். பிரச்சினை என்னவென்றால், அந்தப் பேச்சுவார்த்தையில் இல்லாத நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

மேடம் முதலில் மாத்திரை நேரத்தைக் கேட்டார். வேளை தவறாமல் போட்டிருந்தார், மாத்திரை வேலை செய்கிற நேரத்தில்தான் விழுந்திருக்கிறார். செருப்பை மாற்றி, பின்னால் வார் வைத்ததாகப் போடச் சொன்னோம். வீட்டில் தரைவிரிப்பை எடுக்கச் சொன்னோம். இடது கால்தான் அதிகம் இழுத்தது என்பதால் வலது கையில் கைத்தடி கொடுத்திருந்தோம். எல்லாவற்றையும் மேடத்திடம் ஒப்பித்தேன்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மேடம்."

"தெருவுலதான விழறாரு? தெருவ பாத்தியா?"

மறுநாள் சாயங்காலம் மேல்விஷாரம் போனேன். நடக்கும்போது பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, நோயாளியின் இடுப்பில் கட்டுகிற பட்டை ஒன்று எங்களிடம் உண்டு. அதைக் கட்டினேன்.

"இன்னா தம்பி இது, கேன்வாஸா?" என்றார் பாய். "தோலு விக்கிறவன் இடுப்புல கேன்வாஸ் பெல்ட்ட கட்டுறியே. நாலு பேரு பாத்தா இன்னா நெனப்பான்?"

"பிடிமானத்துக்கு பாய்."

"யாருக்கு, உனக்கா எனக்கா?"

அந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்தது.

மசூதிக்குப் போகிற தெரு அது. இரண்டு பக்கமும் கடைகள், மண்டிகள். கடைக்குக் கடை ஆள் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வாசலிலிருந்து பாய் நன்றாகத்தான் புறப்பட்டார். முதல் கடை வந்தது. சலாம் சொன்னார். கைத்தடி அந்தரத்துக்குப் போய்விட்டு இறங்கியது. இரண்டாவது கடை, மறுபடி சலாம். கைத்தடி மறுபடி மேலே. அடி குறுகியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சலாம் வலது கையால்தான் சொல்வார். கைத்தடியும் வலது கையில்தான் இருக்கிறது. நாங்கள் ஆஸ்பத்திரியில் யோசித்து யோசித்து எந்தக் கையில் கொடுத்தோமோ, அந்தக் கையைத்தான் அவர் கடைக்குக் கடை நெற்றிக்குத் தூக்குகிறார். வாய் சலாம் சொல்கிறது, முகம் கடைப் பக்கம் திரும்புகிறது, தடி தரையை விட்டுப் போகிறது. காலுக்குத் துணையாக யாருமே இல்லை. எங்கள் வராந்தாவில் அவர் யாருக்கு சலாம் சொன்னார்?

"பாய், அவங்க சொல்லட்டும், நீங்க பேசாம நடங்க" என்றேன்.

"அது எப்டி? நடக்குறவன்தான் உக்காந்திருக்கிறவனுக்கு மொதல்ல சொல்லணும். அதான் முறை" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது கடைக்குக் கையைத் தூக்கினார்.

கால் ஒட்டிக்கொண்டது. குதிகால் எழுந்தது, விரல் எழவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்தது. இந்த நேரத்தில் செய்ய வேண்டியது எனக்கு மனப்பாடம். பக்கவாட்டில் வந்து நெருங்கி நிற்க வேண்டும், "நில்லுங்க, நிமிருங்க" என்று நிதானமாகச் சொல்ல வேண்டும், எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்ற உதவ வேண்டும். செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: பட்டையைப் பின்னால் இழுப்பது. பார்க்கின்சன்காரர்களைப் பின்னால் இழுத்தால் மரம் மாதிரி அப்படியே வருவார்கள்.

நான் பட்டையைப் பிடித்து முழு பலத்தோடு பின்னால் இழுத்தேன்.

எனக்குப் பின்னால் சுவர் இல்லை. ஒரு மண்டி வாசலில், டெம்போவிலிருந்து இறக்கிய வெட் ப்ளூ அடுக்கு இருந்தது. குரோமில் ஊறி நீலமாக, ஈரமாக இருக்கும் தோல், முட்டி உயரத்துக்கு. முதலில் நான் அதில் விழுந்தேன். பாய் என் மேல் உட்கார்ந்தார். மெத்தையில் உட்காருகிற மாதிரி, எந்த அவசரமும் இல்லாமல்.

நான் என்ன கத்தினேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. தெருவுக்கு ஞாபகம் இருக்கிறது. "அம்மா" என்று கத்தியதாகச் சொன்னார்கள்.

பாய் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். எலும்பு ஏதாவது போயிற்றா என்று நான் அவர் இடுப்பைத் தடவிக்கொண்டிருக்க, அவர் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். கை நடுக்கம் இல்லை. "உண்ணிக் கடி" என்றார். புரட்டினார். "கழுத்துல முள்ளு கீறி இருக்குது. சி." குரல் மண்டியின் பின்சுவர் வரைக்கும் கேட்டது. இதுவரை அவரிடம் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

தோல் இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் கேட்டான், "பாய், அடுக்கு மேல கெடக்குறாரே மீசக்காரு, அவுரு இன்னா கிரேடு?"

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது இன்னும் பதமே ஆகல. பச்சத் தோலு."

மண்டிக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சை மாற்றுவதற்காக, "சி தோலை என்ன பாய் பண்ணுவீங்க, தூக்கிப் போட்டுருவீங்களா?" என்று கேட்டேன்.

"தூக்கிப் போடுறதா? ஷூவுக்கு மேல போட முடியாது, கறை கீறல் தெரியும். உள்ள லைனிங்குக்கு ஆகும். வெளிய யாரும் பாக்க மாட்டான். கால் அது மேலதான் இருக்கும்."

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. மறைத்தாலும் பயனில்லை, பேண்ட் நீலமாக இருந்தது.

"யாரு மொதல்ல விழுந்தது?"

"நான் மேடம்."

"அப்ப பேஷண்ட்ட காப்பாத்துனது தோலு." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்புறம்?"

கைத்தடி, சலாம், முறை எல்லாம் சொன்னேன். தலையசைத்தார். "அப்புறம்?" என்றார். கிரேடு சொன்னபோது குரல் மாறியதையும் கை நடுக்கம் நின்றதையும் சொன்னேன்.

"கிரேடு சொல்லும்போது கால் இன்னா பண்ணுச்சு?"

பாய் உட்கார்ந்திருந்தார், அதுவும் இல்லாமல் நான் அந்த நேரத்தில் ஆகாயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். மேடம் இர்ஃபானைக் கூப்பிட்டுச் சில தோல்கள் கொண்டுவரச் சொன்னார். வீல்சேர் கணக்கில் அந்தத் தெரு விழுகை சேரவில்லை; விழுந்தது தம்பி, நான் உட்கார்ந்தேன் என்று பாய் மகனிடம் வாதாடி ஜெயித்திருந்தார்.

எங்கள் ஹாலில் ஒரு மேசையைப் போட்டு, பாயை நிற்க வைத்துத் தோலை விரித்தோம். ஹால் முழுக்க மண்டி வாசனை. பாய் ஒவ்வொரு தோலாகத் தடவினார். மேடம் ஸ்டூலில், கண் குதிகாலில். தோலைத் தன் பக்கம் இழுக்கும்போது எடை வலது காலுக்குப் போனது. தடவி முடித்து, கிரேடைச் சொல்லி, தள்ளும்போது இடது காலுக்கு வந்தது. சொல்லும் வார்த்தையும் எடை மாறுவதும் ஒரே நொடியில் நடந்தன. ஒட்டிக்கொண்ட காலைக் கிளப்ப நாங்கள் சொல்லிக் கொடுப்பது அதேதான்: நின்று, பக்கவாட்டில் ஆடி, எடையை மாற்றி, எடையில்லாத காலைத் தூக்கு. அதற்கு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணச் சொல்வோம். இவருக்கு எண்ணிக்கை வேலை செய்யவில்லை. கிரேடு வேலை செய்தது.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். நடந்துகொண்டே சலாம் சொல்லக்கூடாது. கடை வந்தால் நிற்க வேண்டும், காலை அகட்ட வேண்டும், தடியை இடது கைக்கு மாற்றி ஊன்ற வேண்டும். பிறகு வலது கையால் எவ்வளவு மரியாதையாக வேண்டுமானாலும் சலாம் சொல்லலாம். முடிந்ததும் தடியை மறுபடி வலது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது, இடது ஆடி, எதற்காவது ஒரு கிரேடு சொல்லி, அந்த வார்த்தையோடு அடி எடுக்க வேண்டும்.

பாய்க்கு இதில் ஒரு ஆட்சேபம் இருந்தது. "சலாத்த சொல்லிட்டு அந்த ஆளையே ரிஜெக்ட்னு சொல்றதா தம்பி? பாவம் இல்லியா?"

"ஆளுக்கு வேணாம் பாய். கடை ஷட்டருக்கு சொல்லுங்க."

"ஷட்டருக்கு சொல்லலாம்" என்று ஒத்துக்கொண்டார்.

வராந்தாவை மேல்விஷாரம் ஆக்கினோம். இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, அட்டெண்டர் செல்வி அக்கா, பதிவு கவுண்டர் ஆள்கள், காத்திருந்த நோயாளிகளின் உறவுக்காரர்கள் என்று கிடைத்தவர்களை எல்லாம் உட்கார வைத்தேன். பாய் ஒவ்வொருவருக்கும் நின்று சலாம் சொல்லி, பதில் வாங்கி, தீயணைப்பு வாளிக்கு ஒரு பி, ஜன்னல் திரைக்கு ஒரு ரிஜெக்ட் கொடுத்துக்கொண்டு நடந்தார். செல்வி அக்கா சில நாளில் வீட்டிலிருந்து போன் வந்தாலும் "வ அலைக்கும் ஸலாம்" என்றுதான் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியாருக்கும் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

நடுவில் ஒருநாள் பாய் கால் தவறித் தடுமாறினார். விழவில்லை, தாமாகவே சமாளித்து நின்றார். நான்தான் உட்கார்ந்துவிட்டேன்.

பக்ரீத் வந்தது. "போய்ப் பாரு" என்றார் மேடம். "தொடாத. பெல்ட் எடுத்துட்டுப் போகாத. அங்க அவரு ஒருத்தர்தான் நடக்கணும்."

காலையில் தெருவோரம் போய் நின்றேன். புதுச் சட்டையும் அத்தரும் ஆடுகளின் சத்தமுமாக இருந்தது தெரு. மாத்திரையைக் கணக்குப் பண்ணி முன்பே போட்டிருந்தார் பாய். வெள்ளை ஜிப்பாவில் புறப்பட்டார். பின்னால் கொஞ்சம் தள்ளி இர்ஃபான், கையில் மடக்கிய வீல்சேர். துணியால் மூடியிருந்தார், யாருக்கும் தெரியாது என்று நினைத்து. சக்கரம் தெரிந்தது.

பாய் நின்றார், தடி மாற்றினார், சலாம் சொன்னார், ஆடினார், ஏதோ முணுமுணுத்தார், நடந்தார். கடைக்குக் கடை அப்படியே. எதிர்ச் சாரியில் நானும் கூடவே நடந்தேன், அவர் ஆடும்போது நானும் ஆடிக்கொண்டு. பார்த்தவர்கள் எந்த நோயாளி என்று குழம்பியிருப்பார்கள்.

மசூதியை ஒட்டிய தொழுகைத் திடலுக்குப் பெரிய வாசல் ஒன்று, ஓரமாகச் சின்ன வாசல் ஒன்று. கூட்டம் அவரைச் சின்ன வாசல் பக்கம் தள்ளிவிட்டது. உள்ளே, முதல் வரிசை ஓரத்தில், அவர் உட்கார்ந்து தொழ நாற்காலி போட்டிருந்தது. அதற்கு நடுவில் அந்தக் குறுகிய வாசல் மட்டும்தான்.

அங்கே ஒட்டிக்கொண்டார்.

பின்னால் கூட்டம் சேர்ந்தது. "வாங்க பாய், வாங்க வாங்க" என்றது ஒரு குரல். "பாத்து, பாத்து" என்றது இன்னொன்று. கை கொடுக்க இரண்டு பேர் வந்தார்கள். அவசரப்படுத்தினால் இன்னும் ஒட்டும் என்று நான் சொல்ல வேண்டும். சொல்வதற்குத்தான் படித்திருக்கிறேன், சம்பளம் வாங்குகிறேன். வாய் வரவில்லை. கால் வரவில்லை. குனிந்து பார்த்தால், என் பேண்ட் பெல்ட்டை நானே பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறேன். இர்ஃபான் வீல்சேரின் மேல் இருந்த துணியை எடுத்துவிட்டார்.

பாய் வந்தவர்களிடம் கையை அசைத்து வேண்டாம் என்றார். காலை அகட்டினார். தடியை ஊன்றினார். நிமிர்ந்தார். வலது பக்கம் சாய்ந்தார், இடது பக்கம் சாய்ந்தார். கிரேடு சொல்ல ஏதாவது வேண்டும். சுற்றிலும் பார்த்தார். பெருநாள் காலை, எல்லாமே புதுசு. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, ஆளுக்குப் புதுச் சட்டை, வாசல் கம்பிக்குப் புதுப் பெயிண்ட். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மறுபடி ஆடினார். குதிகால் எழுந்தது, விரல் எழவில்லை.

அப்போது என்னைப் பார்த்தார்.

மீசையிலிருந்து ஆரம்பித்தார். பெல்ட்டைப் பிடித்திருந்த கைக்கு வந்தார். செருப்பு வரை போய், மறுபடி மேலே வந்தார். ஆளுக்குக் கிரேடு கிடையாது என்று பேசியிருந்தோம். வலது பக்கம் சாய்ந்தார். இடது பக்கம் சாய்ந்தார்.

"சி" என்றார், மண்டியில் கேட்ட அதே குரலில். "லைனிங்குக்கு ஆகும்."

கால் எழுந்தது. வாசலைத் தாண்டி உள்ளே போனார். கூட்டமும் பின்னாலேயே போனது.

நான் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இர்ஃபான் தெருவைக் கடந்து என் பக்கம் வந்தார். வீல்சேரை விரித்து, பிரேக் போட்டு, சீட்டைத் துணியால் ஒரு தட்டு தட்டினார்.

"சார், நீங்களாவது கொஞ்சம் உக்காருங்க."